எட்டு போர்

எங்கள் வீட்டுத் துப்பாக்கி எட்டு யுத்தங்களில் சுட்டது என்று ஒரு காலத்தில் அரசாங்கக் காகிதத்தில் ஏறியிருந்தது. உண்மையில் அது சுட்டதெல்லாம் காட்டுப்பன்றியும், மழைக்காலத்தில் கண்மாயில் வந்து இறங்கும் தாரா வாத்தும்தான். அந்தக் காகிதத்தைத் திருத்த நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பேனாவைப் பிடித்து எழுதுகிறவர்கள் எல்லோர் மேலும் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. இப்போது நானே எழுதுகிறவளாகிவிட்டேன், அது வேறு விஷயம்.

அரிமளத்துக்குத் தெற்கே, காட்டை ஒட்டிய நிலம் எங்களுடையது. கடலை போடுவோம். நாங்கள் போடுவதில் பாதியைப் பன்றிகள் தோண்டும், மீதியை நாங்கள் தோண்டுவோம். 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது, பழைய துப்பாக்கி வைத்திருந்த பெரிய வீட்டுக்காரர்கள் பலருக்குப் பயம் வந்துவிட்டது. புதிய சர்க்கார் என்ன கேட்குமோ, எத்தனை தடவை ஆபீசுக்கு அலைய வைக்குமோ என்று, பரணில் கிடந்ததையெல்லாம் யாராவது முறைப்படி வாங்கிக்கொண்டால் போதும் என்று இருந்தார்கள். என் கணவர் அந்த யாராவது ஆனார். லைசென்ஸ் எழுதி வாங்கிக்கொண்டு மூன்று துப்பாக்கிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்றும் இரட்டைக் குழல், மூன்றும் அவரைவிட வயதானவை.

அதில் பெரியதுதான் எட்டு போர். குழல் வாயின் அளவை 'போர்' என்ற இங்கிலீஷ் சொல்லால் சொல்வார்கள். எண் குறையக் குறையக் குழல் பெரிது. ஊரில் ஒன்றிரண்டு பேரிடம் இருந்தது பன்னிரண்டு போர். எங்களுடையது எட்டு. அதன் குழலுக்குள் என் கட்டைவிரல் தாராளமாகப் போய்வரும். எட்டு மாதக் குழந்தையின் கனம் இருக்கும். குழல் முழுக்க இரும்பைத் திரித்துச் சுற்றி அடித்த வரிகள் ஓடும். அவர் அந்த வரிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் என் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்தாரா என்று எனக்கு ஞாபகமில்லை. அதை அவரிடமே கேட்டும் இருக்கிறேன். சிரித்துவிட்டு எண்ணெய்த் துணியைக் கொண்டுவரச் சொன்னார்.

அந்த அளவுக்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. துப்பாக்கியோடு வந்த இரண்டு டஜன் பித்தளைத் தோட்டாக்கள்தான் சொத்து. சுட்ட பிறகு அவற்றைக் கழுவி, அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைத்து வெடித்த கேப்பு மூடியைத் தட்டி எடுத்துப் புதுக் கேப்பை அழுத்தி, கருமருந்து போட்டு, அட்டையும் கம்பளித் துண்டும் வைத்து இறுக்கி, அதன் மேல் பொடி ஈய ரவையோ ஒற்றைக் குண்டோ வைத்து, இன்னொரு அட்டையால் மூடி அரக்கை உருக்கி விட வேண்டும். முதலில் இதையெல்லாம் அவர்தான் செய்துகொண்டிருந்தார். வெற்றிலையை மென்றுகொண்டு, வந்தவர்களோடு பேசிக்கொண்டு செய்வார். ஒரு நாள் விடிகாலை, பத்தடி தூரத்தில் பன்றி நிற்கிறது, இவர் விசையை இழுக்கிறார், கேப்பு மட்டும் 'டக்' என்றது. உள்ளே மருந்தே இல்லை. பன்றி இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடலைக்கே திரும்பியதாம். அதை அவரே வந்து சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"இம்புட்டுச் சிரிக்கிறியே, நீயே போட்டுப் பாரு புள்ள" என்றார்.

"போடுறேன். போட்டா ஒங்களவிட நல்லாத்தான் போடுவேன்" என்றேன்.

அன்றிலிருந்து ஒன்பது வருஷம் நான்தான் தோட்டா போட்டேன். அடுப்பங்கரைப் பக்கம் மருந்து டின் வரக்கூடாது என்று மாட்டுத் தொழுவத்துக்கு அடுத்த அறையை எடுத்துக்கொண்டேன். போடும்போது யாரும் என்னோடு பேசக்கூடாது, அவர் உட்பட. சுட்டு வந்த தோட்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, குத்துவிளக்குகளோடு வெயிலில் கவிழ்த்து வைப்பேன். கம்பளியை வட்ட வட்டமாக வெட்ட ஓர் இரும்புக் குழாயைக் கொல்லரிடம் கூர்தீட்டி வாங்கினேன். பன்றிக்கு ஒற்றைக் குண்டு. அதை வார்க்க ஓர் அச்சு துப்பாக்கியோடு வந்திருந்தது. கடற்கரைப் பக்கத்து வலைக்காரர்களிடம் வாங்கிய ஈயத்தைக் கரண்டியில் உருக்கி அதில் ஊற்றுவேன். என் தோட்டா ஒன்றுகூட வெடிக்காமல் போனதில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அந்த ஊரில் வேறு எந்தக் காரியத்துக்கும் என்னை யாரும் பாராட்டியதில்லை.

பிறகு ஒரு ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் போய்விட்டார்.

லைசென்ஸ் வைத்திருப்பவர் இறந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். காரியம் முடிந்த மறுநாளே மூன்றையும் தோட்டாக்களோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். சின்னவை இரண்டையும் திருமயத்துப் பக்கம் லைசென்ஸ் வைத்திருந்த ஒருவர் கேட்டார், கொடுக்கச் சம்மதித்துவிட்டேன். பெரியதை மட்டும் விட எனக்கு மனமில்லை. அந்த வருஷம் கடலை காய் பிடித்திருந்தது, பன்றிகளுக்கு அவர் இல்லை என்பது எப்படியோ தெரிந்துவிட்டது. ஆனால் பன்றி மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். அந்தத் துப்பாக்கியில் பாதி என்னுடையது என்று நான் நினைத்தேன். அவர் விசையை இழுத்தார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான்.

என் கொழுந்தனார் நல்ல மனிதர். அவர் சொன்னார்: "அண்ணி, பொம்பள பேருல துப்பாக்கின்னா ஊரே சிரிக்கும். எம் பேருக்கு எழுதிக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்."

"தோட்டா நீங்க போடுவீங்களா தம்பி?"

"அத நீங்க போட்டுக் குடுங்க."

"அப்ப எம் பேருலயே இருக்கட்டும்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போனார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்பது குடும்பத்துக்கே தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் நன்றாக எழுதுவேன், இங்கிலீஷ் தெரியாது. புதுக்கோட்டையில் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதும் ஒருவரிடம் போனேன். காதில் பென்சிலும் தலையில் கர்வமுமாக இருப்பார். நான் தமிழில் எழுதிக்கொண்டு போனதைக் கொடுத்தேன். 'என் கணவர் வைத்திருந்த எட்டு போர் இரட்டைக் குழல் துப்பாக்கியை, பயிர்ப் பாதுகாப்புக்காக, என் பெயருக்கு மாற்றித் தரவேண்டும்.' அவர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வையில் திடீர் மரியாதை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதினார். நான் எழுதியது மூன்று வரி. இது எப்படி இரண்டு பக்கம் ஆனது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். என் தப்பு அது.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. அதையும் அவரிடமே கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். யுத்தத்தில் பயன்பட்ட தளவாடத்தைத் தனியார் சுடுவதற்கு வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. குழல்களை அறுத்து, சுடமுடியாதபடி செய்து, ஞாபகார்த்தமாகச் சுவரில் மாட்டிக்கொள்ளச் சம்மதமா, இல்லை அரசாங்கத்துக்கே விட்டுவிடுகிறீர்களா? முப்பது நாளில் பதில் வேண்டும்.

"யுத்தமா? எந்த யுத்தம்?" என்றேன்.

"நீங்கதானம்மா எழுதியிருந்தீங்க, எட்டுப் போர்னு. நான் கொஞ்சம் கம்பீரமா எழுதினேன். எட்டு யுத்தங்களில் வீரத்தோடு முழங்கிய துப்பாக்கின்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது வருகிறது, அன்று வரவில்லை. "ஐயா, போருன்னா கொழாய் அளவு. தெரியலேன்னா கேக்கக் கூடாதா? வைக்கப்போர்னு எழுதியிருந்தாக்கூடத் தொழுவத்துல வச்சுக்கங்கன்னு விட்டிருப்பாங்க. யுத்தம்னு எழுதி இப்பக் குழலையே அறுக்கச் சொல்ல வச்சுட்டீங்களே" என்று மரத்தடி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். இலவசமாகவே இன்னொரு மனு எழுதித் தருகிறேன் என்றார். ஒங்க எழுத்தே வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மனுவை விசாரிக்கும் அதிகாரியையே நேராகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் வாயால் சொன்னால் நம்புவார்களா? யோசித்தபோது என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளக்கும் பெருமை ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தக் குழல் வாய்க்குச் சரியான ஈயக் குண்டு எட்டு வார்த்தால் ஒரு ராத்தல் எடை இருக்கும், அதனால்தான் அதற்கு எட்டு என்று பெயர், பன்னிரண்டு வார்த்தால் ஒரு ராத்தல் என்றால் அது பன்னிரண்டு போர் என்பார். அப்போதெல்லாம் கிலோ வரவில்லை, காப்பிக்கொட்டையும் நூலும் ராத்தலில்தான் நிறுப்பார்கள். அச்சு என்னிடமே இருந்தது. அன்று சாயங்காலமே ஈயத்தை உருக்கி ஒன்பது குண்டுகள் வார்த்தேன். ஒன்பதாவது எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. ஒன்று கூட இருக்கட்டும் என்றுதான்.

மறுநாள் அரிமளத்துப் பலசரக்குக் கடையில் தராசும் ராத்தல் கல்லும் இரவல் வாங்கிக்கொண்டு, கொழுந்தனாரோடு பஸ் ஏறினேன். பை கனம் தாங்காமல் அவர் கை மாற்றி மாற்றிப் பிடித்தார். புதுக்கோட்டை ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அதிகாரி கூப்பிட்டார். என் மனுவைக் கையில் வைத்திருந்தார்.

"என்னம்மா, இந்த எட்டு யுத்தம்..."

"யுத்தம் இல்லீங்க ஐயா. போர்."

"அதத்தானேம்மா நானும் சொல்றேன்."

"அந்தப் போர் இல்லீங்க!" குரல் உயர்ந்துவிட்டது. வாசலில் நின்ற சேவகர் எட்டிப் பார்த்தார். நான் பையைத் திறந்து தராசை அவர் மேசைமேல் வைத்து, போர் என்பது குழல் வாயின் அளவு என்று விளக்கினேன்.

விஷயம் புரிந்ததும் அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பன்னிரண்டு போர்னு வந்தா எனக்குத் தெரியும். எட்டுன்னு நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். ஒரு தட்டில் ராத்தல் கல்லை வைத்தேன். மறு தட்டில் எட்டுக் குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துத் தராசைத் தூக்கினேன். குண்டுத் தட்டு ஒரு விரல்கடை மேலேயே நின்றது. இறக்கி மறுபடி தூக்கினேன், அப்போதும் அப்படியே. கொழுந்தனார் தரையைப் பார்த்தார்.

"கொறையுதேம்மா. எட்டரை போரா?" என்றார் அதிகாரி. கிண்டல்தான், ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குக் காரணம் பிடிபட்டது. "குண்ட மெழுகுத் துணி சுத்தித்தாங்க தோட்டாவுல வைக்கணும். துணிக்கு எடம் விட்டு அச்சு ஒரு மயிரிழை சின்னதா இருக்கு. இதப் பாருங்க." ஒன்பதாவது குண்டை வைத்தேன். தட்டு 'டங்' என்று மேசையில் இடித்து இறங்கியது. "ஒம்போது அதிகம். அப்ப எட்டுதானே?"

அவர் தராசைத் தானே ஒருமுறை தூக்கிப் பார்த்தார். ஒன்பதாவதை எடுத்தார், வைத்தார். பிறகு பேனாவைத் திறந்து, மனுவில் இருந்த யுத்தங்களை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் விடவில்லை.

"சுடத் தெரியுமா?"

"தோட்டா போடத் தெரியுங்க."

"சுடத் தெரியுமான்னு கேட்டேன்."

"இதுவரைக்கும் சுட்டதில்லீங்க. சுடுவேன்."

"பயிர்ப் பாதுகாப்புன்னு எழுதிட்டுச் சுடத் தெரியலேன்னா எப்படி? வர்ற வாரம் எங்க ஹவில்தார் முன்னால சுட்டுக் காட்டுங்க. காட்டினா ஒங்க பேருக்குச் சிபாரிசு எழுதுறேன். இல்லேன்னா இவர் பேருக்கு" என்று கொழுந்தனாரைக் காட்டினார். அவர் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது, பழக வழியில்லை. வீட்டில் உலக்கை இருந்தது. பூண் போட்ட உலக்கையை, என் கணவர் துப்பாக்கியைப் பிடிப்பது போல் தோளில் அணைத்துப் பிடித்து நூறு எண்ணுவேன். முதல் நாள் முப்பதிலேயே இறக்கி வைத்துவிட்டேன். ஏழாம் நாள் நூறைத் தாண்டியது. புருஷன் போன துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அடுத்த வீட்டில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று இருந்தேன்.

குறித்த நாளில் கண்மாய்க் கரைக்குக் கீழே இடம் பார்த்து, மண்மேட்டில் ஒரு சாக்கைக் கட்டி வைத்திருந்தார்கள். ஹவில்தார் பட்டாளத்தில் இருந்து வந்தவர், துப்பாக்கியைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் மாறியது. குழலை மடக்கி, உள்ளே பார்த்து, "யாரும்மா இத இம்புட்டுச் சுத்தமா வச்சிருந்தது?" என்றார். நான்தான் என்றேன். ஸ்டேஷனில் கிடந்த தோட்டாக்கள் ஈரம் பட்டிருக்கும், என் கண் முன்னால் புதிதாக இரண்டு போடுங்கள் என்றார். எனக்கும் அது சம்மதம்தான். தரையில் துணி விரித்து, கொண்டுவந்திருந்த காலித் தோட்டா, மருந்து, கேப்பு, குண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்து உட்கார்ந்தேன்.

கேப்பை அழுத்தினேன். மருந்துக் குப்பியைச் சாய்த்து அளவுச் சிமிழை நிரப்பித் தோட்டாவில் கொட்டப் போனேன்.

"நில்லுங்கம்மா" என்றார் ஹவில்தார். "எப்பவும் இப்படியா அளப்பீங்க?"

எனக்குப் புரியவில்லை. சிமிழில் மருந்து விளிம்புக்கு மேல் கோபுரமாக நின்றது. "ஆமாங்க. அளந்தா இப்படித்தானே அளக்கணும்? எங்க ஆத்தா வீட்டுல உப்பு அளந்தாக்கூடத் தலை தட்ட மாட்டாங்க. தலை தட்டிக் குடுக்குறது கருமித்தனம்."

அவர் சிரிக்கவில்லை. "இது உப்பு இல்லம்மா. மருந்தத் தலை தட்டித்தான் அளக்கணும். குழல் நல்ல குழல், அதான் தாங்கியிருக்கு. சுட்ட ஆளு எப்படித் தாங்குனாரோ."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷமாக ஒரு தோட்டா தவறாமல் போட்டவள் நான். நேற்று வந்த மனிதர் என்னைத் தடுக்கிறார். "இந்தத் தோட்டா எங் கணக்குல இருக்கட்டும். அடுத்தது ஒங்க கணக்குல போடுறேன். ரெண்டையும் நானே சுடுறேன்" என்றேன். குழலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் தோள் ஒங்களுது என்றார் அவர்.

வலது குழலில் என் தோட்டா, இடது குழலில் அவர் அளவு. உலக்கையைப் பிடித்தது போலவே பிடித்தேன். சாக்கைப் பார்த்து வலது விசையை இழுத்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கியை மட்டும் விடவில்லை. புகையில் சாக்கு தெரியவில்லை. தோளில் மாடு முட்டியது போல வலி கழுத்துவரை ஏறியது. கொழுந்தனார் ஓடிவந்தார். "அங்கிட்டே நில்லுங்க" என்றேன். எழுந்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதே தோளில் துப்பாக்கியை வைத்து இடது விசையை இழுத்தேன். தள்ளியது. ஆனால் நின்றேன். சாக்கில் இரண்டு ஓட்டை இருந்தது, முதல் ஓட்டை ஓரத்தில், இரண்டாவது கிட்டத்தட்ட நடுவில்.

ஹவில்தார் குறிப்பேட்டில் எழுதினார். "பாஸும்மா" என்றார். கொழுந்தனார் என்னைவிட அதிகமாகச் சிரித்தார், தன் தலை தப்பியது என்ற சந்தோஷம் அதில் பாதி. லைசென்ஸ் அடுத்த மாதமே என் பெயரில் வந்தது. அந்தப் பருவத்தில் கடலை முழுக்க வீடு வந்து சேர்ந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது பஸ்ஸில் திரும்பியதை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தோளைத் தொட்டேன், தொட முடியவில்லை. என் அளவில் போட்ட ஒரே ஒரு தோட்டாவுக்கே இப்படி. என் கணவர் சுட்டது எத்தனை? தாரா இறங்கும் காலத்தில் ஒரே காலையில் பத்துப் பன்னிரண்டு சுடுவார். வெயிலோ மழையோ, கிளம்பும்போது துண்டை எட்டாக மடித்து வலது தோளில் போட்டுக்கொள்வார். மைனர் மாதிரி என்ன இது என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஸ்டைல் புள்ள, ஸ்டைல் என்பார். திரும்பி வந்ததும் காலித் தோட்டாக்களை என் மடியில் போட்டு, ஒன்னு கூட ஏமாத்தல என்பார். நான் பெருமையோடு புளியைக் கரைக்கப் போவேன்.

பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் அழுதேன். வலி ரொம்பவா அண்ணி என்று கொழுந்தனார் கேட்டார். வலிதான் என்றேன். உண்மையில் எனக்கு ஆத்திரம், அவர் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அன்று வீட்டில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கும். ஒன்பது வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?